பாரம்பரியப் பட்டியலில் உள்ள பழைய வீடு: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

முற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏழு மாதமாக வீடு தேடுகிறோம். கடைசியில் ஒன்று மனத்துக்குப் பிடித்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. ஒன்றரை அடிச் சுவர், உயரமான கூரை, மரப் படிக்கட்டு, தெருப்பக்கம் நாலு பெரிய ஜன்னல். விலை பேசி முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில் வக்கீலிடமிருந்து குறிப்பு வந்தது: கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது, தெரு முழுவதும் பழமையைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி, எந்த வேலை செய்தாலும் முன்அனுமதி தேவைப்படலாம்.

விற்பவரைக் கேட்டேன். "அதெல்லாம் வெளித்தோற்றத்துக்குத்தான், உள்ளே என்ன செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்" என்றார். எங்கள் திட்டம் இதுதான்: சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சுவரை எடுப்பது, ஜன்னல்களை மாற்றுவது, மாடியில் ஒரு குளியலறை சேர்ப்பது. ஓதம் ஏறிய சுவர்களுக்குப் புதுப் பூச்சும் வேண்டும். இதில் எது நடக்கும், எது நடக்காது? பயந்து விட்டுவிடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பத்திரம் எழுதியது:

முன்பணம் கொடுக்காமல் நிறுத்தினீர்களே, அது நல்ல வேலை. சொத்து ஆவணங்கள் சரிபார்ப்பது என் தொழில். "வெளித்தோற்றம் மட்டும்" என்பது சில இடங்களில் உண்மை, பல இடங்களில் ஆளையே கவிழ்த்துவிடும்.

வக்கீல் குறிப்பில் இரண்டு விஷயம் சேர்ந்து வந்திருக்கிறது. கட்டடம் தனியாகப் பட்டியலில் இருப்பது ஒன்று. தெரு பாதுகாப்புப் பகுதியாக இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் விதி வேறு, நாட்டுக்கு நாடும் மாறும். உங்கள் ஊர் எது என்று தெரியாததால் சில உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் பட்டியல் கட்டடங்களுக்கு மூன்று தரம் உண்டு. பத்தில் ஒன்பதுக்கும் மேல் கடைசித் தரத்தில்தான் இருக்கின்றன. "கடைசித் தரம்தானே" என்று வாங்குபவர்கள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் எந்தத் தரமானாலும் பாதுகாப்பு உள்ளும் புறமும் சேர்த்துத்தான். படிக்கட்டுக் கைப்பிடி, உள்கதவு, கூரையடிப் பூச்சு எல்லாம் அதில் அடக்கம். அனுமதி இல்லாமல் கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும்படி மாற்றினால் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. பாதுகாப்புப் பகுதி என்பது அங்கே 1967இல் வந்த ஏற்பாடு. அது பெரும்பாலும் வெளிப்புறத்தையும் இடிப்பதையும் பற்றியது. வீட்டு மரத்தை வெட்டக்கூட ஆறு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்கிற அளவுக்குப் போகும்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேசியப் பதிவேட்டில் வீடு இருந்தால், சொந்தப் பணத்தில் வேலை செய்யும் உரிமையாளரை அது மட்டும் தடுக்காது. அங்கே கையைக் கட்டுவது நகராட்சி அளவிலான அறிவிப்புதான். ஆகவே "பட்டியலில் இருக்கிறது" என்ற வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. எந்தப் பட்டியல், யார் போட்டது, எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள்.

மூன்றாவதாக ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. வீடு எந்தப் பட்டியலிலும் இருக்காது, ஆனால் பக்கத்தில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கும். இந்தியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்துக்குள் புதுக் கட்டடம் கூடாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க மனு போடலாம். இந்த 100 மீட்டரைக் கோபுரத்திலிருந்தோ கோட்டைச் சுவரிலிருந்தோ அளக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். எல்லை சில இடங்களில் நாம் நினைப்பதைவிட வெகுதூரம் தள்ளியிருக்கும். பிரான்சில் பொதுவாக 500 மீட்டர். அதற்குள் சின்னத்திலிருந்து பார்த்தால் தெரிகிற வீடா, சின்னத்தோடு சேர்த்து ஒரே பார்வையில் படுகிற வீடா என்றுகூடப் பார்ப்பார்கள்.

உங்கள் ஊர் அலுவலகத்தில் அந்தப் பட்டியல் பதிவின் நகலை வாங்குங்கள். அதில் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே சொன்னால் மேலே பேசலாம்.

தாழ்வாரம் எழுதியது:

முற்றம், எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களைப் பயமுறுத்த இல்லை.

ஐந்து வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு வீட்டை ஆசைப்பட்டு வாங்கினோம். முன்பு இருந்தவர் தெருப்பக்க மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் சட்டம் போட்டிருந்தார். மாடியில் அறைகளுக்கு நடுவே இருந்த பழைய பலகைத் தடுப்பையும் எடுத்திருந்தார். நாங்கள் வைத்த மதிப்பீட்டாளர் அதையெல்லாம் பார்த்துவிட்டு "வீடு நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது" என்று அறிக்கை கொடுத்தார். நாங்களும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டாவது வருஷம் கூரையைப் பழுதுபார்க்க அனுமதி கேட்டு மனு போட்டோம். பார்வையிட வந்த அதிகாரி கூரையைப் பார்ப்பதற்கு முன் ஜன்னலைப் பார்த்தார். கையில் பழைய புகைப்படம் வைத்திருந்தார். படத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எப்போது மாற்றியது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் நோட்டீஸ் வந்தது: ஜன்னல்களைப் பழையபடி மரத்தில் செய்து வைக்க வேண்டும். செய்தவர் வேறு ஆள் என்று எழுதிக் கொடுத்தோம். வீடு இப்போது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சரி செய்ய வேண்டும் என்று பதில் வந்தது. செலவு முழுக்க எங்கள் தலையில் விழுந்தது. கூரைக்கு வைத்திருந்த பணம் ஜன்னலுக்குப் போய்விட்டது, அந்த மழைக்காலம் முழுவதும் மாடியில் வாளி வைத்துக்கொண்டு இருந்தோம்.

அந்த அதிகாரி மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. கோபமெல்லாம் என் மேல்தான்: பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

பத்திரம் எழுதியது:

தாழ்வாரம் சொன்னதுதான் இந்த விஷயத்தின் மையம். இங்கிலாந்துச் சட்டமும் இப்படித்தான்: குற்ற வழக்கு வேலையைச் செய்தவர், செய்யச் சொன்னவர் மேல் வரும். ஆனால் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்கு வரும், அதற்குக் காலக்கெடு கிடையாது. முப்பது வருஷம் முன்பு எடுத்த சுவருக்கும் வரலாம். வில்லங்கம் பார்க்கும்போது கடன், அடமானம், வாரிசு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். பழைய வீட்டில் செங்கல்லுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும். விற்பவரிடம் இதுவரை செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதிக் கடிதம் கேளுங்கள். இல்லை என்றால் கிரயத்துக்கு முன் அவரே அதை முறைப்படுத்தித் தர வேண்டும் என்று அக்ரிமென்டில் எழுதுங்கள்.

காரைக்கை எழுதியது:

அனுமதியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் சுவரைப் பற்றிப் பேசுகிறேன். இருபது வருஷமாகப் பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை செய்கிறேன். முற்றம் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி விஷயம், "ஓதம் ஏறிய சுவர்களுக்குப் புதுப் பூச்சு", எனக்கு அதுதான் உறுத்துகிறது.

பழைய சுவரில் பெரும்பாலும் ஓதத் தடுப்பு இருக்காது. தரையிலிருந்து ஈரம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்புச் சாந்தும் அந்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சுவரும் பாட்டுக்குக் காய்ந்துகொண்டே இருக்கும். இதன் மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. இன்னும் மேலே ஏறிப் போகும். கூட வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தை உள்ளேயிருந்து உடைக்கும். வெளியே பார்த்தால் பூச்சு கல் மாதிரி இருக்கும், பின்னால் செங்கல் மாவாகியிருக்கும். மூன்றடியில் இருந்த ஓதம் ஐந்தடிக்கு வந்ததும், "சிமென்ட் போதவில்லை" என்று இன்னொரு கோட் பூசுவார்கள். நான் பார்த்த வீடுகளில் மழை செய்த சேதத்தைவிட இந்தச் சிமென்ட் செய்த சேதம் அதிகம்.

சுண்ணாம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் புரியும். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியே போய்ச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்துப் பொங்கி அடங்கும். மணல் கலந்து சுவரில் பூசியதும், விட்ட கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. மேல்பரப்பு சில நாளில் இறுகும், உள்ளே இறுக மாதக்கணக்கு, கனமான சுவரென்றால் வருஷக்கணக்கு ஆகும். அதனால்தான் கட்டடம் லேசாக அசைந்தாலும் அது சிமென்ட் மாதிரி பளாரென்று வெடிக்காது. சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேயட்டும், சாந்து தேயட்டும்; கீறி எடுத்து மறுபடி நிரப்பலாம். செங்கல் தேய்ந்தால் அந்தச் செங்கல் போனது போனதுதான்.

அதிகாரி "சிமென்ட் கூடாது" என்றால் அழகுக்காகச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். ஒரு காரியம் செய்யுங்கள்: பழைய வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைத் தட்டிப் பாருங்கள். எங்கே டொக்கென்று பொள்ளலாகக் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நேர்கோடு எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் மறுபக்கம் சொல்கிறேன். என் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். நாங்கள் இருந்த பழைய வீட்டில் வாசல்படிக்கு ஒரு சாய்தளம் போட அனுமதி கேட்டு ஒன்பது மாதம் அலைந்தோம். அதுவரை அம்மாவைத் தூக்கிக்கொண்டுதான் இறக்கினோம். குளிருக்கு ஜன்னல் மாற்றக் கூடாது, வெயிலுக்குக் கூரை மாற்றக் கூடாது. ஊரெல்லாம் பார்த்து ரசிக்கிற தெருவுக்கு ஊர்தானே செலவு செய்ய வேண்டும்? உள்ளே இருப்பவன் ஏன் தன் உடம்பையும் பணத்தையும் கொடுக்க வேண்டும்? கட்டடம் மனிதருக்காகத்தானே.

பத்திரம் எழுதியது:

நேர்கோடு, உங்கள் அம்மா விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஒன்பது மாதத்தை யாராலும் ஞாயப்படுத்த முடியாது.

ஆனால் "ஏன் உரிமையாளர் சுமக்க வேண்டும்" என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நியூயார்க்கில் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். அத்தனை பெரிய கட்டடம் மண்ணோடு போனதைப் பார்த்த பிறகுதான், 1965இல் அந்த நகரம் பழைய கட்டடங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அப்புறம் அதே நகரத்தில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் அலுவலகக் கோபுரம் கட்ட அனுமதி மறுத்தார்கள், உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிலையம் இருக்கிறபடியே பயன்பட்டு வருமானம் தருகிறது, ஆகவே சொத்தைப் பறித்ததாகாது என்பது அதன் சாரம்.

அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அது ரயில் கம்பெனிக்குப் பொருந்தும் அளவுக்கு ஒரு குடும்பத்துக்குப் பொருந்துமா என்பதில் உங்கள் ஆதங்கத்தில் உண்மை இருக்கிறது. அதே நாட்டில் பழைய கட்டடத்தைச் சீரமைத்தால் செலவில் 20 சதவீதம் மத்திய வரியில் கழிவு உண்டு, ஆனால் வருமானம் தரும் கட்டடத்துக்குத்தான். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. விதி போடுகிறவர்கள் உதவியையும் கூடவே கொண்டுவர வேண்டும். அதில் நான் உங்களோடு நிற்கிறேன்.

உத்தரம் எழுதியது:

நேர்கோடு, சாய்தளத்தைப் படியோடு சேர்த்துக் கட்டுவதாக வரைபடம் கொடுத்தீர்களா? எங்கள் அனுபவத்தில் அதுதான் சிக்கல். பழைய படியைத் தொடாமல், மேலே சும்மா உட்கார்கிற மரச் சாய்தளமாகக் கொடுத்தால் சீக்கிரம் ஒப்புக்கொள்வார்கள். நாளைக்கு எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

முற்றத்துக்கு. நான் மரவேலைக்காரன். ஜன்னலை மாற்றுவதற்கு முன் ஒரு பேனாக்கத்தியால் கீழ்ச்சட்டத்தைக் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர் நிற்கிற அந்த அடிக்கட்டை மட்டும்தான் மக்கியிருக்கும், மேலே மரம் இரும்பு மாதிரி இருக்கும். மக்கியதை வெட்டியெடுத்து அதே ஜாதி மரத்தில் ஒட்டு வைத்தால் இன்னும் ஒரு தலைமுறை ஓடும். குளிர், சத்தம் என்றால் உள்பக்கம் தனியாக ஒரு மெல்லிய கண்ணாடிச் சட்டம் வைக்கலாம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது, பழைய ஜன்னலும் அப்படியே இருக்கும்.

சுவர்: முழுதாக எடுக்காமல் இரண்டு பக்கமும் ஒரு அடி, மேலே கொஞ்சம் விட்டு நடுவில் அகலமான திறப்பு கேளுங்கள். அங்கே சுவர் இருந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. அதற்கு முன் அந்தச் சுவர் மேல் எந்த விட்டம் உட்கார்ந்திருக்கிறது என்று பொறியாளரை வைத்துப் பாருங்கள். குளியலறைக் குழாய்க்காக விட்டத்தைக் குடைய விடாதீர்கள், அதுவும் நடுவில் குடையவே கூடாது. பாரம் அதிகமாக இழுப்பது அங்கேதான்.

1964இல் வெனிஸில் எழுதிய பாதுகாப்புச் சாசனத்தில், ஊகம் தொடங்குகிற இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பழசு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் பழசு மாதிரி கற்பனை பண்ணிச் செய்யாதீர்கள். புதுசாகச் செய்வது புதுசு என்று தெரியட்டும், அடக்கமாக இருந்தால் போதும்.

முற்றம் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு நடந்ததை எழுதுகிறேன்.

பட்டியல் பதிவின் நகல் கிடைத்தது. மொத்தம் பதினோரு வரி. அதில் படிக்கட்டு, தெருப்பக்க ஜன்னல்கள், கூடத்தின் கூரையடி மரவேலை எல்லாம் பெயர் சொல்லி இருக்கின்றன. "வெளித்தோற்றம் மட்டும்" என்பது சுத்தப் பொய். பின்பக்கம் ஒரு அறை இருக்கிறதே, அது அந்தப் பதிவில் இல்லை, பழைய வரைபடத்திலும் இல்லை. விற்பவரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பத்து வருஷம் முன்பு அனுமதி இல்லாமல் கட்டியது என்று ஒப்புக்கொண்டார்.

காரைக்கை அண்ணா சொன்னபடி ஒரு வயதான கொத்தனாரைக் கூட்டிப் போனேன். அவர் கரண்டியின் பிடியால் கூடத்துச் சுவரை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே போனார். மேலே கெட்டியான சத்தம். இடுப்பு உயரத்துக்குக் கீழே வந்ததும் சத்தம் மாறியது, எனக்கே தெரிந்தது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவு சிமென்டைப் பெயர்த்தார். வில்லை மாதிரி மொத்தமாக வந்துவிட்டது. பின்னால் செங்கல் நனைந்து கறுத்திருந்தது. விரலால் தொட்டேன், சிவப்புப் பொடியாகக் கையோடு வந்தது. வெள்ளையாக உப்பு பஞ்சு மாதிரி பூத்திருந்தது. "இதை எடுத்துவிட்டு சுவரைச் சும்மா விடுங்கள். ஒரு வருஷம் மூச்சு விடட்டும், அப்புறம் பூசலாம்" என்றார் கொத்தனார்.

பயந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது, அந்தச் சுவருக்காகத்தான் வருத்தப்பட்டேன்.

இப்போது பேசி முடித்தது இது. பின்னறையை முறைப்படுத்தும் மனுவை விற்பவர் தன் செலவில் போடுவார். கிடைக்காவிட்டால் அவரே இடித்துத் தருவார், அதுவரை கிரயம் இல்லை. சிமென்ட் பூச்சு எடுக்கும் செலவை விலையில் கழித்துக்கொள்கிறார். சுவருக்கு உத்தரம் சொன்ன மாதிரி திறப்பு மட்டும் கேட்கப் போகிறோம். மனு போடும் முன்பே அதிகாரியைப் பார்த்துப் பேசினேன். கையால் வரைந்த படம்தான் கொண்டுபோனேன், அவரே பென்சிலால் இரண்டு திருத்தம் போட்டுக் கொடுத்தார்.

தாழ்வாரம் எழுதியது:

படித்து நிம்மதியாக இருந்தது. ஒன்று மட்டும்: வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு அறையையும் நாலு மூலையிலிருந்தும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நீங்கள் செய்யாததை நாளைக்கு நீங்கள் செய்ததாக யாரும் சொல்ல முடியாது. காப்பீட்டுக்காரரிடமும் இது பட்டியல் வீடு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேதம் வந்தால் பழைய முறையில் கட்டித் தர ஆகும் செலவு சாதாரண வீட்டைவிட அதிகம்.

நேர்கோடு எழுதியது:

உத்தரம், நாங்கள் கான்கிரீட்டில்தான் வரைபடம் கொடுத்திருந்தோம். யாரும் இதைச் சொல்லவில்லை. தம்பி இப்போது இன்னொரு பழைய வீடு பார்க்கிறான், அவனுக்கு உங்கள் பதிலை அப்படியே அனுப்பிவிட்டேன்.

காரைக்கை எழுதியது:

முற்றம், அந்தக் கொத்தனாரை விட்டுவிடாதீர்கள், கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பூசுகிற காலம் வரும்போது கடும் வெயிலிலும் உறைபனியிலும் வேண்டாம். முதல் கோட் பூசியதும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, சில நாள் காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். வேகமாகக் காய்ந்தால் பொடிந்துவிடும். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், வெள்ளையடித்தால் போதும். பெயர்த்த அந்த இடத்தைப் படம் எடுத்திருந்தால் இங்கே போடுங்கள், செங்கல் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.